வாசிக்கத் தெரியாத பிள்ளை

“டீச்சர், எம் பொண்ணு கனிஷ்காவுக்கு வாசிக்கவே வரமாட்டேங்குது” என்றேன்.

துர்காதேவி டீச்சர் நிமிர்ந்தார். “நாலாங்கிளாஸ் கனிஷ்காவா?”

“அவளேதான். அவ அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனதுல இருந்து வீட்டுல நாங்க ரெண்டே பேருதான். பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்க, மூளை நல்லா வளரும்னு நீங்கதான மீட்டிங்ல சொன்னீங்க? தினமும் சாயங்காலம் கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறேன். சிங்கத்துக்காக நான் உறுமுற உறுமல்ல எங்க ஆடுக கயித்தை அத்துக்கிட்டு ஓடுதுக. எம் மூளைதான் வளருது. அவ முதல் எழுத்துலயே நிக்கிறா.”

“திட்டுறீங்களோ?”

“சேச்சே, தைரியம்தான் சொல்றேன். ‘சீக்கிரம் கத்துக்க தாயி. அப்புறம் நீயே தனியா வாசிச்சுக்கலாம், அய்யா மொளகாத் தோட்டத்துக்குப் போயிருவேன்’னு தினமும் சொல்றேன்.”

டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“காலையில பிரேயர்ல மைக் பிடிச்சு செய்தி வாசிக்கிறதே உங்க பொண்ணுதாங்க. ஒரு எழுத்துகூடத் தட்டாது.”

திருப்புல்லாணி ரோட்டில் வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறி மிதிக்கலாம் என்பதே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கனிஷ்கா புத்தகத்தோடு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

“அய்யா, இது என்ன எழுத்து?”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தேன்.

“எனக்கும் சரியாத் தெரியலையே தாயி. ரெண்டு பேருமா மெதுவா எழுத்துக்கூட்டிப் பாப்பமா?”