நடுங்கும் கை

பொலின் வீட்டில் மூன்று மாதமாகக் கத்தி கிடையாது. மீனைக்கூடத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலேயே வெட்டி வாங்கி வந்துவிடுவாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளையைத் தூக்குவதும் கிடையாது.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய, தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல மண்டியிட்டவள், முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டாள். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சாதாரணச் சாமியாரா? நடுப்பூசையில் ஏசுவின் இரத்தமான திராட்சை இரசக் கிண்ணத்தைத் தூக்கும்போது அவர் கை நடுங்கும். "என்னா பக்தி" என்று கோயிலே உருகும். அவரிடம் போய் மறுபடியும் இதையே சொல்வதா?

"சாமி, கத்தியப் பாத்தாலே எம் புள்ளையக் குத்திடுவேன்னு தோணுது."

"வாரா வாரம் இதையேதான் சொல்ற. குத்தணும்னு ஆசை இருக்கா?"

"ஐயோ, இல்ல சாமி. பயந்து சாவறேன்."

"அப்ப இது பாவம் இல்லம்மா, நோவு. டாக்டரப் பாரு, மாத்திரை குடுப்பாங்க. மொதப் பத்து நாள் வயித்தப் பொரட்டும். பொறவு சரியாயிடும்."

"சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் குரல் தாழ்ந்தது.

"கிண்ணத்தத் தூக்கறப்பல்லாம், அதக் கீழ கொட்டி மிதிச்சிடுவேன்னு எனக்குத் தோணும். இருவது வருஷமா. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு சிந்துனதில்ல."