கணப்படுப்பின் மேல் பித்தளைக் கூடு

"இந்தக் கூடு எத்தனை தடவை சுட்டது, மிஸ்டர் ஓஸ்பி?"

ஹார்லன் அந்தத் தோட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபது வயதிலும் வளையாத முதுகு. சுட்ட கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிக்கொள்ளாமல், கடையில் தோட்டா வாங்கிச் சுடுகிற குடும்பத்தோடு அவர் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. வயோமிங்கின் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இது தெரிந்த விஷயம்.

"ஒன்பது தடவை," என்றார் லைல் ஓஸ்பி.

"ஒன்பதா! கோராவைக் கட்டிக்கிறேன்னு கேட்டு வந்திருக்கீங்க. புதுக் கூடா வாங்கி மருந்து நிரப்பிக் கொண்டுவர மனசு வரலையா?"

"புதுக் கூட்டுக்கு என் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும், ஹார்லன்? இது ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ளயே விரிஞ்சு விரிஞ்சு, அதோட அச்சாவே ஆயிடுச்சு. இதுதான் நேராப் போகும்."

"பழைய பித்தளை இறுகிப் போயிடும். ஒருநாள் கழுத்துல விரிசல் விட்டுடும்."

"கழுத்தை அளவா நெருப்புல காட்டினா மறுபடியும் இளகிடும். பித்தளைக்கு வயசெல்லாம் கிடையாது. சூடு தெரிஞ்ச கை வேணும், அவ்வளவுதான்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த ஹார்லனின் மனைவி மார்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" ஹார்லன் முறைத்தார்.

"ஒண்ணுமில்லைங்க. பித்தளையைப் பத்தி எவ்வளவு அழகாப் பேசறார்னு பார்த்தேன்."

ஹார்லன் கூட்டின் கழுத்தை நகத்தால் தடவினார். விரிசல் இல்லை. நெருப்பு பட்ட நிறம் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. மெச்சத் தோன்றியது. மெச்சவில்லை.

"சனிக்கிழமை நடனத்துல கோராவோட ஏழு பாட்டுக்கு ஆடினீங்களாமே?"

"எட்டு. ஒண்ணுல காலை மிதிச்சுட்டேன். அதைக் கோரா கணக்குல சேர்க்கலை போல."

"ஊரே பேசுது! பாதிரியார் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். ராத்திரி பத்து மணி தாண்டி வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டா, எங்க குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

"அதனாலதான் முறைப்படி கேட்க வந்தேன்."

"முறைன்னா இதுதான் முறை." ஹார்லன் கணப்படுப்பின் பக்கம் கையை நீட்டினார். அதன் மேல், ஓக் பலகையில், ஒற்றைப் பித்தளைக் கூடு பளபளத்தது. வாரம் தவறாமல் அவரே துடைத்து வைப்பது. "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தகடு தொங்குது பாருங்க. எங்க தாத்தா மாட்டினது. இந்த வீட்டுல பொண்ணு கேட்டு வர்றவர், தன் கையால செஞ்ச தோட்டாவால அதை அடிக்கணும். அறுநூறு கஜம். ஒரே ஒரு தோட்டா. எங்க அப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர்தான். அடிச்சார். அந்தக் கூடுதான் இது."

"தவறிட்டா?" லைலின் கையில் கோப்பை தட்டோடு மோதிக் கடகடத்தது.

"காபியைக் குடிச்சுட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கோரா என்ன அழுதாலும் சரி."

மாடிப்படியில் மரப்பலகை முனகியது.

"ஒட்டுக் கேட்காதே!" என்று ஹார்லன் மேலே பார்த்துக் கத்தினார்.

வெளி வராந்தாவில் மேசை போட்டு, மணல் மூட்டை மேல் லைலின் துப்பாக்கியைச் சாய்த்திருந்தார்கள். செம்மண் சரிவில் தகடு ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. பள்ளத்தாக்கில் காற்று விட்டு விட்டு அடித்தது.

ஹார்லன் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"வீட்டுப் பெரியவர் கண்ணெடுக்காம தகட்டையே பார்க்கணும். எங்க தாத்தா நின்னதும் இதே இடத்துலதான். ஆரம்பிங்க!"

ஒன்றும் நடக்கவில்லை. காலடியில் வராந்தாப் பலகை லேசாக அதிர்ந்தது. மார்லா காபி கொண்டுவருகிறாள் போலிருக்கிறது.

"என்ன, தூங்கிட்டீங்களா? எல்க் மான் இவ்வளவு நேரம் நிக்காது!"

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. துப்பாக்கி வெடித்தது.

தகடு துள்ளி, சுழன்று, ஆடியது. கவசத்தையும் தாண்டி, சற்றுப் பிந்தி, கணீரென்ற சத்தம் ஓடையைக் கடந்து வந்தது. நட்ட நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு.

"அப்படிப் போடு!" ஹார்லனுக்குத் தன் முறைப்பு மறந்தே போயிற்று. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கவசத்தைக் கழற்றினார். "ஒன்பது தடவை சுட்ட கூடு! நான் சொன்னது தப்பு, மிஸ்டர் ஓஸ்பி. எங்க குடும்பத்துல சொன்ன சொல் மாறமாட்டோம். கல்யாணத்துக்கு நாள் குறிங்க. எனக்குப் பூரண சம்மதம்!"

கைகுலுக்கத் திரும்பினார்.

லைல் சுவரோரமாக நின்றிருந்தார். நடுங்கும் இரண்டு கைகளாலும் காபிக் கோப்பையைப் பிடித்திருந்தார். துப்பாக்கிக்குப் பின்னால், நாற்காலியில், எண்பத்திரண்டு வயதுக் கோரா.

சூடு ஆறாத கூட்டை எடுத்து ஹார்லனின் உள்ளங்கையில் வைத்தார் அவர்.

"இதையும் அது பக்கத்துலயே மாட்டுடா, மகனே. எங்க அப்பாவும் இப்படித்தான் தகட்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. உங்க அப்பாவுக்கும் அன்னைக்குக் கை இப்படித்தான் நடுங்கிச்சு."