பில் இல்லாத மிஷின்

திருடுவது தப்பு என்று அவனுக்கு நன்றாக உறைத்தது, வாஷிங் மிஷின் ஒழுக ஆரம்பித்த அன்றுதான்.

கல்யாணத்தன்று, "இனிமே அடுத்தவங்க பொருளைத் தொட மாட்டேன்" என்று மனைவி கையில் அடித்துச் சத்தியம் செய்தவன். அப்படிச் சத்தியம் செய்துவிட்டு வீடு மாற்றும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தான் என்பது வேறு விஷயம். நாள் முழுக்க அடுத்தவர் பொருளைத்தான் தொட்டான். ஏற்றினான், இறக்கினான். எட்டு வருஷத்தில் ஒரு ஸ்பூன்கூட வழி தவறிப் போனதில்லை.

சோப்புத் தூளில் மனைவியின் உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. "துணி துவைக்கிறதை விட்டாத்தான் ஆறும்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

போன மாதம் ஒரு பட்டப்பகலில், லாரிக் கம்பெனி சட்டையோடு, ஆளில்லாத ஒரு வீட்டிலிருந்து மிஷினைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு உதவியவர் எதிர்வீட்டுக்காரர். "பாத்துப்பா, படி இருக்கு" என்று அக்கறையாக வேறு சொன்னார். தான் புகுந்தது வக்கீல் வீடு என்று வாசல் பலகையில் எழுதியிருந்ததை அவன் திரும்பும்போதுதான் பார்த்தான்.

புதுசு, தவணையில் வாங்கினேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் அழுதுவிட்டாள். அவனுக்கும் அழுகை வந்தது. காரணம்தான் வேறு.

மூன்றாவது வாரமே மிஷின் கதவோரம் ஒழுகியது.

"பாத்து வாங்கக் கூடாதாங்க? நல்லா உங்க தலையில கட்டியிருக்கான், திருட்டுப் பய!"

"யாரு?"

"கடைக்காரன்தான். வேற யாரு?"

அவனே டேப் சுற்றிப் பார்த்தான். தண்ணீர் டேப்பை மதிக்கவில்லை. தெருமுனை மெக்கானிக் வாயாடி. ஊருக்கே செய்தி வாசித்துவிடுவார். அதனால் இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு தூரத்து மெக்கானிக்கை அழைத்து வந்தான். மிஷினும் அதே ஏரியாவிலிருந்துதான் வந்தது என்பது, அவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

மெக்கானிக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. மிஷின் கதவைத் திறந்தார். வாய் ஓரத்து ரப்பரை இரண்டு விரலால் புரட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"பில் இருக்காம்மா?"

"என்னங்க, பில் எங்க?"

"அது... வீடு மாத்தினப்ப தொலைஞ்சு போச்சுண்ணே."

"நாம எப்பங்க வீடு மாத்தினோம்?" என்றாள் மனைவி. "கல்யாணமாகி வந்ததுல இருந்து இங்கதான இருக்கோம்!"

மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"இந்த ரப்பர்ல சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கு. இலை மாதிரி வெட்டி ஒட்டியிருக்கு" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "இப்படி ஒட்டுற ஆள் இந்த ஊர்லயே ஒருத்தர்தான்."

"புது மிஷின்ல எப்படிண்ணே ஒட்டு வரும்?" அவள் குரல் மாறிவிட்டது. "என்னங்க, நீங்க..."

அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் டியூப் தேவைப்படவில்லை.

"கம்பெனியிலயே ஒட்டி அனுப்புவாங்கம்மா. கூடுதல் பாதுகாப்புக்கு" என்று சிரித்தார் மெக்கானிக்.

அந்தச் சிரிப்புக்குப் போலீஸ் ஜீப்பே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

புது ரப்பர் ஏறியது. மிஷின் சுற்றியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைசியில் மெக்கானிக் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் எதையோ சுரண்டினார். பிறகு பையை மூடிவிட்டு, "தம்பி, கீழ வரைக்கும் வாங்க" என்றார்.

மாடிப்படித் திருப்பத்திலேயே அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, ஸ்டேஷனுக்குன்னா இப்பவே வரேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். அவ கை இப்பத்தான் ஆறுது."

மெக்கானிக் அவன் இரண்டு கையையும் இறுகப் பிடித்தார். "வக்கீலம்மா வீட்டு மிஷின்தான? ஒரு மாசமா உங்களைத்தான் தேடுறேன்."

"தெரியாம பண்ணிட்டேண்ணே..."

"நன்றி சொல்லத்தான், தம்பி!" அவர் பிடித்த கையை விடவில்லை. "அஞ்சு வருஷம் இலவச சர்வீஸ்னு ஒரு பேப்பர் நீட்டினாங்க. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பதினாலு ஷரத்து! வாரம் தவறாம கூப்பிடுவாங்க. மிஷினுக்குப் போனா ஃபேன், ஃபேனுக்குப் போனா குழாய். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கிறதையே நீங்க வந்தப்புறம்தான் பாத்தேன். நம்பர் ஸ்டிக்கரை வழிச்சு எடுத்துட்டேன், நிம்மதியாத் துவைங்க."

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. சத்தியமாக இனி ஒரு துரும்பைக்கூடத் தொடுவதில்லை என்று மனசுக்குள் மறுபடி ஒருமுறை கையடித்துக்கொண்டான்.

மெக்கானிக் இரண்டு படி இறங்கினார். நின்றார். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தார்.

"அந்தம்மா நேத்து புது மிஷின் வாங்கிட்டாங்க. பழைய பேப்பர் அதுக்கும் செல்லுமாம். வியாழக்கிழமை காலையில கோர்ட்டுக்குப் போயிடுவாங்க, வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க... உங்களுக்கு அன்னிக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையே, தம்பி?"