காப்பி வேர்

செம்மநத்தத்துக் காப்பிச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மாலை வெயில் சாய்கிறது. மெட்ராஸிலிருந்து ஆதிமனிதனைத் தேடி வந்த ஞானசுந்தரம், குழியில் எடுத்த தாடை எலும்பைச் சின்னப் பிரஷ்ஷால் துடைக்கிறார். பக்கத்தில் எலும்பை வைத்து எடுத்துப்போகப் பஞ்சு விரித்த தகரப்பெட்டி திறந்திருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் புருஷனை இதே சரிவில் புதைத்த கண்ணாயி, அந்த எலும்பைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இது லட்சம் வருஷத்துக்கு முந்தியதும்மா.” “அப்படிங்களா? எங்க ஊட்டுக்காரருக்கும் இதே கடவாப்பல்லுதானுங்க இல்லாம இருந்துச்சு.” “எத்தனையோ பேருக்கு விழும்.” பிரஷ் வேகமாகச் சரசரக்கிறது. அவள் குனிந்து, பல்லிடுக்கில் பின்னியிருந்த வேரை உருவி, நகத்தால் கீறி முகர்கிறாள். காப்பி வேர். “ஏனுங்க, லட்சம் வருசத்துக்கு முந்தியே இங்க காப்பி நட்டாங்களா?” “வேர் பிற்பாடு நுழைஞ்சிருக்கலாம்மா,” என்கிறார், எலும்பைப் பார்த்து. கண்ணாயி பெட்டியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள்.