பத்தொன்பதாவது பேர்

"பாய், உங்க பொண்ணு பேரு எப்படி மேல ஏறுச்சு?"

மேனேஜர் குப்புராஜ் இரண்டு தாள்களை மேஜைமேல் எடுத்துப் போட்டார். ஒன்று திங்கட்கிழமை கேட்டில் ஒட்டிய லிஸ்ட். இன்னொன்று புதன்கிழமை ஒட்டியது.

காரிமங்கலம் பக்கம் புதிதாக வந்திருந்த நூல் மில் அது. இருபது பெண்களுக்கு வேலை. யார் முன்னால் மனு கொடுத்தார்களோ அவர்களுக்கு முதலில். தேதிவாரியாக லிஸ்ட் அடிக்க கம்ப்யூட்டர் வந்திருந்தது. 1988. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் ஜன்னலில் வந்து நிற்பார்கள்.

திங்கட்கிழமை இருபதாவதாக இருந்த நஞ்சம்மாள், புதன்கிழமை இருபத்திமூன்றுக்கு இறங்கிவிட்டாள். முதல் லிஸ்டில் இருபதுக்குள் இல்லாத ஷகிலா பத்தொன்பதாவதாக ஏறியிருந்தாள். ஷகிலா, மில் குமாஸ்தா தஸ்தகீரின் மகள்.

கேட்டுக்கு வெளியேயிருந்து நஞ்சம்மாளின் குரல் உள்ளே வரை கேட்டது. "முந்தாநேத்து இருந்த பேரு இன்னிக்கு எங்கீங்க போச்சு? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டனே!"

தஸ்தகீருக்கு ஐம்பது வயது இருக்கும். நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"எனக்குப் புரியலீங்க. ஒரு பொண்ணோட அப்பா பேர்ல எழுத்துத் தப்பா இருந்துச்சு. அதை மட்டுந்தான் மிஷின்ல திருத்தினேன்."

மேனேஜர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். முனிராஜுக்கு இருபத்திநாலு வயது. கோயமுத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன்.

"மிஷின் தானா மாத்துமா?"

"மாத்தாதுங்க சார். நாம போடறதுதான் வரும்."

"அப்ப நடுவுல யாரு தொட்டது?"

முனிராஜ் கொஞ்சம் தயங்கினான். "பாய் மட்டுந்தாங்க."

"மனு வாங்குனப்ப வரிசையா எழுதின நோட்டு இருக்குதுங்க. அதைப் பாருங்க" என்றார் தஸ்தகீர்.

"அதையும் நீங்கதானே எழுதுனீங்க? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஷகிலாவின் பெயரை அடித்துவிட்டு, திங்கட்கிழமை லிஸ்டின்படியே பத்தொன்பதாவதாக இருந்த ராமக்காளுக்கும் இருபதாவதாக இருந்த நஞ்சம்மாளுக்கும் வேலை கொடுத்தார்கள்.

தஸ்தகீர் தன் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். முனிராஜின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"உனக்கும் அப்படித்தான் தோணுதா தம்பி?"

முனிராஜ் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஹெட் ஆபீஸ் அந்த லிஸ்டை மறுபடி கேட்டது. முனிராஜ் புதிதாக வரிசைப்படுத்தி அடித்தான்.

ஷகிலா இருபத்திரண்டாவதாக வந்தாள்.

யாருமே தொடவில்லை. கம்ப்யூட்டர் அறைச் சாவி அவன் பையில்தான் இருந்தது. திரும்ப வரிசைப்படுத்தி இன்னொரு தடவை அடித்தான். இந்தத் தடவை இருபதாவது. முதல் பதினெட்டுப் பேர் அசையவே இல்லை. அவர்களுக்குக் கீழே இருந்த ஏழு பேர் மட்டும் மாறி மாறி வந்தார்கள்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த கோயமுத்தூர் இன்ஜினீயருக்கு எக்ஸ்சேஞ்சில் சொல்லி டிரங்க் கால் போட்டான்.

"எதை வெச்சு வரிசைப்படுத்தச் சொன்ன?" என்று கேட்டார் அவர்.

"மனு குடுத்த தேதியை வெச்சு சார்."

"ஒரே தேதியில ஏழு பேர் குடுத்திருந்தா?"

முனிராஜ் லிஸ்டைப் பார்த்தான். அந்த ஏழு பேருக்கும் ஒரே தேதிதான், பதினாலு.

"அவங்களுக்குள்ள யாரு முன்ன, யாரு பின்னன்னு நீ சொல்லவே இல்லையே. அது இஷ்டத்துக்கு அடுக்கும். மனு நம்பரையும் சேர்த்துக் குடு, சரியாயிடும்."

மனு நம்பர் தஸ்தகீரின் நோட்டில் இருந்தது. முனிராஜ் அதை அப்போதுதான் முதல்முதலாகத் திறந்தான். பத்தொன்பது ராமக்காள். இருபது நஞ்சம்மாள். இருபத்தைந்து ஷகிலா.

வேலை சரியான ஆட்களுக்குத்தான் போயிருந்தது. பழிதான் ஆள் மாறிப் போயிருந்தது.

நோட்டோடு மேனேஜரிடம் ஓடினான்.

"தப்பு என்னுதுங்க சார். பாயைத் திரும்பக் கூப்பிட்டுடலாங்க."

குப்புராஜ் நோட்டை மூடினார். "கூப்பிட்டா, அன்னிக்கு ஏன் அனுப்பினீங்கன்னு மொதலாளி என்னையில்ல கேப்பாரு? முடிஞ்சது முடிஞ்சு போச்சு. விடப்பா."

முனிராஜால் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு தஸ்தகீர் வீட்டுக்கே போனான்.

ஷகிலாதான் கதவைத் திறந்தாள்.

"அத்தா வூட்ல இல்லீங்க. ஓசூர்ல ஒரு மரக்கடைக்கு வேலைக்குப் போயிட்டாரு. இங்க யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியலைன்னாரு."

முனிராஜ் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். தேதி, நம்பர், டிரங்க் கால், மேனேஜர் சொன்ன பதில், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உனக்கு இப்பவும் வேலை வராதும்மா. நோட்டுல நீ கடைசி. ஆனா பாய் ஒரு தப்பும் பண்ணலை. அன்னிக்கே அந்த நோட்டைத் தொறந்து நான் பாத்திருக்கணும். நீ எல்லாருக்கும் பின்னால லேட்டா வந்தவன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

ஷகிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"லேட்டாவா? மனு குடுத்த பதினாலாந்தேதி மில்லு கேட்டைத் தொறக்கறதுக்கு முன்னாலயே மொத ஆளா வந்து நின்னது நாந்தாங்க. 'நான் பேரு எழுதற மேஜையில என் பொண்ணு மொதல்ல வரக் கூடாது'ன்னு, மத்த ஆறு பேரையும் எழுதி முடிக்கற வரைக்கும் அத்தாதான் என்னை வெளியில உக்கார வெச்சாரு."