மூச்சு வாங்கும் இடம்

"உன் குரல்ல என்னடி குறை?"

"கரகரப்புக்கா. கதாநாயகிக்கு ஆகாதாம். டைரக்டர் சொல்லிட்டாரு."

"அவரு குரல் மட்டும் குயிலாக்கும்! சரி விடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உக்காரு. திரையில நீ எங்க மூச்சு வாங்குறேன்னு நான் பாத்துக்கறேன்."

இருபது வருடங்களுக்கு முன், டப்பிங் தியேட்டரில். கதாநாயகியாக அவள் நடித்த முதல் படத்துக்கு, அவளுக்காக இந்திராணி அக்கா குரல் கொடுக்க வந்த நாள்.

இன்று அவள் மலைப்பாதையில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு வாங்கியது.

புஸ் புஸ்ஸென்று, நடுவில் ஒரு சின்ன விசில் சத்தத்தோடு. வேறு யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. திரையில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள். மழையில், ரயில் பின்னால், கதாநாயகன் பின்னால். அந்த மூச்செல்லாம் அக்காவுடையது.

பேச்சு மட்டும் என்றில்லை. சிரிப்பு, விம்மல், பிரசவ வேதனை, தும்மல்கூட.

தொண்டிக் கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் தொடங்கிய பல நாள் நடை. தனியாக. மலை உச்சியில் வட்டக்கானலில் முடிய வேண்டும். ஏன் தனியாக என்று கணவன் கேட்கவில்லை. கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி வாங்கி வந்து பையில் வைத்தான். ஒரு பெட்டி போதாது என்று, போய் இன்னொன்றும் வாங்கி வந்தான்.

அடையாளம் தெரிந்து கூட்டம் கூடிவிடும் என்று பயந்திருந்தாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

தேவைப்படவில்லை.

மலையடிவாரத்தில், பெரியகுளத்தில், இட்லிக் கடைக்கார அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

"அப்படியே அந்த சினிமாக்காரி சாயலு உங்களுக்கு. வாயைத் தொறந்தாத்தான் இல்லேன்னு தெரியுது. அவ பேசுனா தேனா வடியும்ல!"

அவள் சிரித்துவிட்டாள்.

"பாருங்க, சிரிப்புகூட அவளோடது இல்ல" என்றபடி அந்த அம்மா இன்னொரு இட்லியை வைத்தாள்.

அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்த இட்லியை மறுக்காமல் சாப்பிட்டாள்.

பாதை மறுபடி ஏறியது. காலடியில் சருகு. யாரும் இல்லை.

அவள் ஒரு பழைய வசனத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"நீ போ. நான் வரலை."

அக்கா சொன்னபோது தியேட்டரே அழுதது. அந்தக் காட்சி எடுத்த அன்று அவளுக்குக் கடும் காய்ச்சல். உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்திருந்தாள். மிச்சத்தை அக்கா அந்த இருட்டு அறையில் நின்று அழுது நிரப்பினாள். சிறந்த நடிகை விருது அவளுக்கு வந்தது. மேடையில் பேசச் சொன்னார்கள். கைகூப்பிவிட்டு இறங்கிவிட்டாள்.

எவ்வளவு அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

அன்று இரவே அக்கா போன் செய்தாள். "நமக்கு விருதுடி!" என்று குழந்தைபோலக் கூவினாள்.

நமக்கு.

அந்த ஒரு சொல்லில்தான் இத்தனை வருடமும் அவள் கேட்க நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இன்னும் ஒருமுறை சொன்னாள். சத்தமாக.

"நீ போ. நான் வரலை."

கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பெண் நிஜமாகவே வரமாட்டாள் என்று தோன்றியது.

புதிய படத்தின் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. கதாநாயகிக்கு நாற்பது வயது, அவளைப் போலவே. அடுத்த வாரம் டப்பிங். வழக்கம்போல அக்காவுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது. அக்கா வெந்நீரும் பனங்கற்கண்டுமாகத் தொண்டையைத் தயார் செய்துகொண்டிருப்பாள்.

கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.

கேட்டால் அக்கா மறுக்க மாட்டாள். பயமே அதுதான்.

கடைசி வளைவு. மரங்கள் விலகின. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். அவள் நடந்து வந்த சமவெளி, கடல் இருக்கும் திசைவரை வெளிறிக் கிடந்தது.

கைபேசியில் சிக்னல் வந்திருந்தது.

"அக்கா..."

"எங்கடி இருக்கே? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மேல வந்துட்டேன்க்கா."

"பேசாதே, பேசாதே. அப்படியே இரு."

அவள் அப்படியே நின்றாள். மறுமுனையில் அக்கா உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பிங் அறையில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொள்வாளே, அதேபோல.

"ஏய், நடுவுல ஒரு விசில் வருதே! இப்படித்தான் மூச்சு வாங்குவியா நீ? இத்தனை வருஷமா நான் தப்பாவே வாங்கியிருக்கேனேடி!"

இருவரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யாரிடம் பேசுவதென்றாலும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வது அவள் பழக்கம். முதல் படத்திலிருந்தே.

இப்போது செருமவில்லை.

"அக்கா, அடுத்த வாரம் நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கறீங்களா? நான் பேசறேன்."