ஷேடு மாறிய இலை

பனியன் கம்பெனி வாசல் பந்தலில் பறித்த திராட்சை இலையை, துணிக்கு நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தார் முதலாளி மருதாசலம். பக்கத்தில், இருக்க வேண்டிய பச்சை நிறத்துக்கு மாதிரியாக ஒரு ஷேடு கார்டு.

"பெயில்!"

வாட்ச்மேன் தவசி ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பந்தல் அவர் பொறுப்பு.

"துணியில ஷேடு மாறுனா பொறுப்பானவங்க வெளிய. கொடிக்கும் அதே சட்டந்தானுங்க தவசிண்ணா. இன்னும் மஞ்சளாச்சுன்னா நீங்க ஊட்டுக்குக் கெளம்பிருங்க. கோவிச்சுக்காதீங்க."

நம்ம பக்கம் வேலையை விட்டுத் தூக்கினாலும் 'ங்க' போட்டுத்தானே தூக்குவார்கள்! தையல் செக்‌ஷனே மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது. தவசிக்குத் தூக்கம் போச்சு. இந்த வயசில் வேறு எந்தக் கம்பெனி கேட்டில் சேர்த்துக்கொள்வார்கள்?

அடுத்த வாரம் பந்தலே மஞ்சள் குளித்து நின்றது.

நர்சரிக்காரர் வந்தார். வேரோரம் கையை விட்டார். முழங்கை வரை சேறு.

"பூச்சியுமில்ல, நோவுமில்லீங்க. தண்ணி கூடிப்போயி வேரு அழுகுது. அப்பறம் இலை மஞ்சளாகாம என்ன பண்ணும்?"

"ஏனுங்க தவசிண்ணா, இத்தனை தண்ணியா ஊத்துவீங்க?" முதலாளி பாய்ந்தார்.

"சாமி சத்தியமா காத்தால ஒரு கொடந்தானுங்க!"

"பொய்யி! அனுப்பிரியா, கேமராவப் போடும்மா."

ஆபீஸ் பெண் அனுப்பிரியா தயங்கித் தயங்கிப் போட்டாள்.

திரையில் தவசி குடத்தோடு வந்து போனார். பின்னாலேயே அயர்ன் மாஸ்டர், பக்கெட்டோடு. டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர். அப்புறம் ஒடிசா டெய்லர்கள், ஆளுக்கொரு பாட்டில். கடைசியில் துப்பட்டாவுக்குள் சொம்பை மறைத்தபடி அனுப்பிரியாவே.

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லீங்களா?" முதலாளி கத்தினார்.

"தவசிண்ணனுக்கு வேலை போயிருமேன்னுதானுங்க..." அனுப்பிரியா இழுத்தாள். "மத்தவங்களும் ஊத்துறது தெரியாதுங்க."

தவசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடப் பாவிகளா, பாசத்தை ஊற்றியே கொடியைச் சாகடித்துவிட்டீர்களே!

"செரி, போதும், நிறுத்தும்மா!" முதலாளி பதறிப்போய் மவுஸைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் வீடியோ மதியத்துக்குத் தாவியது.

தவசி சாப்பிடப் போயிருந்த நேரம். காரிலிருந்து ஒரு பெரிய தண்ணி கேனைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு, திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தபடி பந்தலுக்கு வந்தது சாட்சாத் முதலாளியேதான்.

எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். மருதாசலம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

"எல்லாரு முன்னாலயும் சொன்ன சொல்ல மாத்த முடியுமுங்களா தவசிண்ணா? அதான், இலையாவது மாறாமப் பாத்துக்கலாம்னு..."